நயினார் வண்டியின் தேய்மானம்

நங்கைகுளம் கீழத்தெருவில் ஆறுமுகநயினாரின் வண்டிக்கு டயர் தேய்வது நின்று, டயருக்குப் பதிலாக ஆறுமுகநயினாரே தேய ஆரம்பித்த வருஷத்தில் மழை நன்றாகத்தான் பெய்தது, வாழைக்கு விலை கிடைத்தது, கோயில் கொடைத் திருவிழாவும் ஒரு தடங்கலில்லாமல் நடந்தது. அதனால் இது ஏதோ தெய்வக் குற்றம் என்று சொல்ல யாருக்கும் இடமில்லாமல் போயிற்று.

வண்டி ஏழு பேர் உட்காரச் செய்த வெள்ளை வண்டி, உயரமானது, மேடு பள்ளம் பார்க்காதது, பதினோரு பேரையும் ஒரு மூட்டை அரிசியையும் ஏற்றிப் பழகியது. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, பிரசவம், சாவு வீட்டுத் துஷ்டி என்று கீழத்தெரு எங்கே போக வேண்டியிருந்தாலும் அதில்தான் போகும். வண்டி கேட்டு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "டீசல் நான் போட்டுடுதேன்" என்று சொல்லிவிடுவார்கள். அங்கே அதுதான் வழக்கம், அதுதான் மரியாதை. டீசல் போட்டுவிட்டால் வண்டிக்குச் செய்யவேண்டியதைச் செய்தாயிற்று என்று அந்தத் தெரு மனதார நம்பியது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை, அதுதான் கொடுமை. டயர் என்று ஒன்று இருப்பதும், அது ரோட்டோடு உரசி உரசிக் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைவதும், கரைந்ததை யாரோ ஒருத்தர் மாற்றவேண்டியிருப்பதும் அவர்களுக்குத் தோன்றியதே இல்லை. ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்.

தோன்றியவள் ஒருத்திதான், நயினாரின் மனைவி பிரமசக்தி. தினமும் வாசல் தெளிக்கும்போது அந்த நான்கு டயருக்கும் பக்கத்தில் குனிந்து எழுந்தவள் அவள். வரிவரியாக வாங்கி வந்த டயர் வரி மங்கி, வரி அழிந்து, மொட்டைத் தலையாகி, முன் டயர் இரண்டிலும் உள்ஓரத்தில் கம்பி எட்டிப்பார்த்தது வரை அவள் கண் முன்னால்தான் நடந்தது. நான்குவழிச் சாலையிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் சக்கர அலைன்மென்ட் கடை வைத்திருந்த ஜெபசிங் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது டயரு இல்ல, பலூனு. சக்கரம் உள்ள சாஞ்சு ஓடுது. இன்னும் இதோட ஓட்டினியன்னா ஒண்ணு டயர் போவும், இல்லன்னா ஆள் போவும்" என்றார். கொடை முடியட்டும் என்றார் நயினார். கொடை முடிந்து, வந்த சொந்தக்காரர்களையெல்லாம் ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்து அவர் படுத்தார், மறுநாள் காலையில் பிரமசக்தி வாளியோடு வெளியே வந்தபோது நான்கு டயரிலும் வரி முளைத்திருந்தது. கடையில் அடுக்கியிருக்கும் புது டயரில் இருப்பது போல ரப்பர் முடிகள்கூட நீட்டிக்கொண்டு நின்றன. அவள் அவரைக் கூப்பிட்டாள். அவர் எழுந்து வந்து, தெளித்த ஈரத்தில் காலை வைத்து, சர்ரென்று வழுக்கி உட்கார்ந்தார். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். பித்தவெடிப்பும் இல்லை, ரேகையும் இல்லை, கழுவிக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருந்தது.

தெரு டயரைத்தான் பார்த்தது. காலைக் காப்பி ஆறுவதற்குள் அதை ஏற்றுக்கொள்ளவும் செய்தது. பிள்ளைகள் ரப்பர் முடிகளைப் பிய்த்து விளையாடினார்கள், பெண்கள் ஆளுக்கு ஒரு முடியை மஞ்சள் துணியில் முடிந்து பீரோவில் வைத்தார்கள், யாரோ டயருக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார்கள். எப்படி, ஏன் என்று கேட்க ஒரு ஆள் இல்லை, கோழி முட்டை போடுவதை யாராவது ஏன் என்று கேட்கிறார்களா. தெரு முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த தளவாய்தான் அதன் பலனை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர். "டயர்தான் தேயலையே நயினாரண்ணே, இனிமே வேளாங்கண்ணி வரைக்கும்கூட போலாம்லா? டீசல் நான் போட்டுடுதேன்." அதற்கப்புறம் அதுவரை திருச்செந்தூரோடு திரும்பிய தெரு பழனிக்குப் போயிற்று, ஒகேனக்கல் போயிற்று, ஒருதரம் சும்மா காற்று வாங்கக்கூடப் போயிற்று. ஓசியில் கிடைத்தால் எனக்கு ஒன்று எங்கப்பனுக்கு ஒன்று. நயினாரும் சளைக்காமல் ஓட்டினார், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு டயரில் முடி புதிதாக நின்றது, அவர் கொஞ்சம் குறைந்திருந்தார்.

ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் பெட்டி அவரை ஆள் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தார், துடைத்து வைத்துப் பார்த்தார், தேங்காய் எண்ணெய் தடவி வைத்துப் பார்த்தார். கடைக்காரப் பெண், "வரியே இல்லியே சித்தப்பா, ஆளு வந்திருக்கியன்னு நான் சொல்லுதேன், மெஷினு சொல்லமாட்டேங்கே" என்று சிரித்து, கடைசியில் பிரமசக்தியின் விரலை வாங்கிக்கொண்டாள். மழை நாளில் அவர் தெருவில் நடக்கவே முடியாமல் ஆயிற்று. ஈரத்தில் கால் பிடிக்காமல் தளவாய் கடையில் ஆரம்பித்துக் கோயில் வாசல் வரை வழுக்கிக்கொண்டே போய் நின்றார். பிரமசக்தி வீடு முழுக்கச் சாக்கு விரித்தாள். பிறகு உயரம் போக ஆரம்பித்தது. முதலில் வேட்டி தரையில் புரண்டது, பிறகு சட்டை முழங்காலுக்கு வந்தது, பிறகு அவர் அவளுக்குத் தோள் மட்டம் ஆனார்.

இதையும் தெரு பார்க்கத்தான் செய்தது, குருடர்கள் இல்லை அவர்கள். பார்த்து ஆளுக்கு ஒரு உதவி செய்தார்கள். தையல்காரர் சும்மாவே சட்டைகளைச் சின்னதாக்கிக் கொடுத்தார், ஆசாரி பிரேக்கிலும் கிளட்ச்சிலும் மரக்கட்டை வைத்து உயர்த்தினார், ஒரு வீட்டிலிருந்து இலவம்பஞ்சுத் தலையணை வந்தது ஸ்டியரிங்குக்கு மேலே தலை தெரிய. அவர் மெலிந்ததில் முன் சீட்டில் இன்னும் ஒரு ஆள் ஒடுங்கி உட்கார இடம் கிடைத்தது என்று தெரிந்ததும் அதில் ஒரு ஆளையும் ஏற்றிவிட்டார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையை அவர் காதுபடவே ஒருத்தர் சொன்னபோது வண்டியே சிரித்தது, நயினாரும் சிரித்தார். பிரமசக்திக்கு அழுகை வரவில்லை, அலுப்பு வந்தது. காலையில் எழுந்ததும் வரும் அலுப்பு.

அவள் அவரைக் கையைப் பிடித்து ஜெபசிங் கடைக்குக் கூட்டிப் போனாள். ஜெபசிங்குக்குத் தன் கம்ப்யூட்டர் மெஷின்மேல் அபார நம்பிக்கை, அதனால் அவர் வண்டி ஏற்றும் தகட்டின்மேலே நயினாரையே நிற்கவைத்து, முழங்கால் இரண்டிலும் சாக்கு சுற்றிக் கருவியை மாட்டி, திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இடது காலு உள்ள சாயுதுக்கா. அதான் உள்ஓரமா அரிச்சிக்கிட்டு வருது. தாங்குததுக்கு மேல பாரம் ஏத்தினா இப்படித்தான்."

"சரி பண்ணுங்க தம்பி."

ஜெபசிங் பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நயினாரைச் சுற்றி வந்தார். இடுப்பைத் தடவிப் பார்த்தார், கணுக்காலைத் தடவிப் பார்த்தார். நயினாருக்குக் கூச்சம் வந்து நெளிந்தார். "வண்டின்னா திருகுததுக்கு ஒரு மறை இருக்கும்க்கா. அண்ணாச்சிக்கு அது எங்கன இருக்குன்னே தெரியலியே" என்று ஸ்பேனரைக் கீழே வைத்தவர், வெறும் கையோடு அனுப்ப மனசில்லாமல், "காத்தும் கொறவாத்தான் தெரியுது, அண்ணாச்சிக்குத் தெம்பு ஏத்துங்க" என்றார்.

அது ஒன்று போதாதா தெருவுக்கு. வாரம் ஒரு வீடாக ஆட்டுக்கால் சூப்பு வந்தது, நாட்டுக்கோழி வந்தது. அதோடு விட்டார்களா, கோயில் முன்னால் மேடை போட்டு அவரை நாற்காலியில் தூக்கி உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடைக்குள் அவரைக் காணோம். "கீழத்தெருவுக்கு நயினாரண்ணன் ஒரு தேர், அவரை நாம் இழுக்கவில்லை, அவர்தான் நம்மை இழுக்கிறார்" என்று தளவாய் மைக்கில் சொன்னபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நயினார் விம்மி நிமிர்ந்தார். அந்தப் புகழ்ச்சியில் இன்னும் வேகமாக ஓட்டினார், கேட்காதவர்களையும் கேட்டுக் கேட்டு ஏற்றினார். இப்போது தேய்மானம் ஓரத்தை விட்டு நடுவுக்கு வந்துவிட்டது. நெஞ்சுக்கூடு ஒட்டி, குரல் மெலிந்து, அவர் கூப்பிடுவது அடுக்களைக்குக் கேட்காமல் போயிற்று. காற்று குறைந்தால் ஓரம் தேயும், கூடினால் நடு தேயும் என்று ஜெபசிங் அப்புறம் சாவகாசமாகச் சொன்னார். அதை முதலிலேயே சொன்னால் என்ன கேடு.

"இப்ப என்னதான் செய்ய?" என்று கேட்டாள் பிரமசக்தி.

"டயருன்னா மாத்தி மாத்திப் போடுவோம்க்கா. முன்னால கிடக்கதைப் பின்னால, பின்னால கிடக்கதை முன்னால. ஒண்ணே எல்லாத் தேய்மானத்தையும் வாங்கிடப்படாதுல்லா."

அவள் நேரே தளவாய் கடைக்கு வந்தாள். தெருவில் வண்டி ஓட்டத் தெரிந்த ஆண்கள் எல்லாரும் சாயங்காலம் அங்கேதான் நிற்பார்கள். யாரையும் உட்காரச் சொல்லவும் இல்லை, தானும் உட்காரவில்லை.

"வண்டியை எடுத்துக்கிடுங்க, வேண்டாம்னு சொல்லலை. அவரவர் வீட்டு விசேஷத்துக்கு அவரவர் ஓட்டிக்கிடுங்க. ஆளுக்குக் கொஞ்சம் தேஞ்சா அவிய ஒருத்தரே தேய வேண்டாம்லா. இன்னும் கொஞ்ச நாள் விட்டா அவிய இல்லாமலே போயிருவாவ. டீசல் வேண்டாம், அதை நான் போடுதேன்."

ஆளுக்கு ஒரு காரணம் வந்தது. ஒருத்தருக்குச் சர்க்கரை, பாதத்தில் ஏற்கெனவே உணர்ச்சியில்லை. ஒருத்தருக்கு லைசென்ஸ் புதுப்பிக்கவேண்டும். ஒருத்தருக்கு உயர வண்டியில் ஏறினால் தலை சுற்றும். தளவாய்க்கு மட்டும் கொஞ்சம் ரோஷம் வந்து, மறுநாள் சந்தைக்குத் தானே ஓட்டிப் போனார். திரும்பி வந்து கடைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கி மடியில் வைத்து, டார்ச்சு அடித்துப் பார்த்தார். குதிகால் ஓரத்தில் ரேகை ஒரு நகக்கண் அளவுக்கு இல்லை. சாவியைக் கொண்டுவந்து கொடுக்கும்போது பிரமசக்தியின் முகத்தைப் பார்க்காமல், "வண்டி இடது பக்கம் இழுக்கு மைனி, எனக்கு வாகா வரலை" என்றார்.

அதன்பின் தெரு பஸ்ஸுக்குப் போயிற்று. வெட்கம்தான் காரணம், அதைக் குறை சொல்லக்கூடாது, வெட்கமாவது இருந்ததே. வண்டி வீட்டு முன்னால் நின்றது, நயினார் தேயாமல் இருந்தார், பிரமசக்தி வாசலில் சாவகாசமாகப் பெரிய கோலம் போட்டாள். ஆனால் அவர் காலையில் குளித்துச் சட்டை மாட்டி, போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் இறங்கி, குழந்தை உயரத்தில் வீடு வீடாகப் போய், கதவு நாதாங்கியைத் தட்ட எட்டாமல் நின்று குரல் கொடுத்தார். "எங்கயாவது போணுமா? சும்மாதான் இருக்கேன். டீசல்கூட நானே போட்டுக்கிடுதேன்."

கேள்விப்பட்டு பிரமசக்தி ஓடிவந்து அவரை நடுத்தெருவில் பிடித்தாள்.

"ஒங்களுக்கு மானம் இல்லியா? அவங்களே விட்டாச்சு, நீங்க ஏன் போய் நிக்கிய?"

"ஏட்டி, வண்டி வாங்குததுக்கு முன்னாடி இந்தத் தெருவுல என்னை யாருக்குத் தெரியும் சொல்லு. பத்திரிகை வைக்கையில கடைசியாத்தான் நம்ம வீட்டுக்கு வருவான், அதுவும் பேரைத் தப்பா எழுதிக்கிட்டு. இப்பப் பாரு, நாள் குறிக்கையிலேயே எனக்குத்தான் போன் வருது. நான் வேற எதுக்கு ஆவேன்?"

"எனக்கு ஆவீங்க."

அவர் அவளை அண்ணாந்து பார்த்தார். பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டார். அவளுக்கு அவரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விடலாம் போல இருந்தது. தெரு பார்க்கிறதே என்று கையைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்தாள். அந்த வார்த்தை அவரை நிறுத்தவில்லை. நயினாரே வந்து கேட்கும்போது வேண்டாம் என்றால் அவர் மனசு நோகும் என்று தெரு ஒரு நியாயம் கண்டுபிடித்தது, மறுபடி ஒன்றிரண்டு பேர் ஏறினார்கள், பிறகு எல்லாரும்.

அப்போதுதான் பிரமசக்தி தனக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தரச் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார், குரல் இல்லாததால் தோள் மட்டும் குலுங்கியது. டயர் உரச ரோடு இல்லாத, தண்ணீர் வற்றிய குளத்துக்குள் மத்தியானங்களில் கூட்டிப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். அவர் சொல்லுவது கேட்காது என்பதால் அவள் ஒவ்வொரு தடவையும் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். கருவேல மரத்தில் ஒருமுறை மோதினாள், சேற்றில் ஒருமுறை இறக்கினாள், லைசென்ஸும் வாங்கினாள். உனக்கு எதுக்கு இது என்று அவர் கேட்டார். பொழுது போகவேண்டாமா என்றாள்.

தை பிறந்து கொஞ்ச நாளில், வெயில் ஏறுகிற நேரத்தில், தளவாய் வெறுங்காலோடு ஓடிவந்தார். மகள் இசக்கிப்பிரியா பிரசவத்துக்கு வந்திருந்தாள், குறித்த நாளுக்கு முன்னால் வலி கண்டு பனிக்குடம் உடைந்துவிட்டது, ஆம்புலன்ஸ் வேறெங்கோ போயிருந்தது. அவர் வாய் திறந்தபோது அந்தப் பழைய வாக்கியம்தான் வந்திருக்கவேண்டும், பாதியில் விழுங்கிவிட்டு, "அண்ணே" என்று மட்டும் சொன்னார். நயினார் எழுந்துவிட்டார். அவர் அப்போது வண்டியின் கதவுக் கைப்பிடி உயரம்தான். நாகர்கோவில் போய் வருகிற தூரத்துக்கு அவரிடம் மீதி ஒன்றும் இல்லை என்று பிரமசக்திக்குத் தெரியும், தளவாய்க்கும் தெரியும், அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் ஆணியில் தொங்கிய சாவிக்கு எக்கி எக்கிக் குதித்துக்கொண்டிருந்தார்.

அவர் தலைக்கு மேலே கையை நீட்டி பிரமசக்தி சாவியை எடுத்தாள்.

"நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க."

"ஏட்டி, எனக்கு அந்தப் பக்கம் உக்காரத் தெரியாதே" என்றார் நயினார். குரல் இல்லாமலே அது அவளுக்குக் கேட்டது. அவள் அவரைத் தூக்கி இடது பக்கச் சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டைப் போட்டுவிட்டாள். பின்னால் இசக்கிப்பிரியா தாயின் மடியில் படுத்துக்கொண்டு, "பெரியம்மா, மெதுவா" என்றும் "பெரியம்மா, சீக்கிரம்" என்றும் மாறி மாறிக் கத்தினாள். தளவாய் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு இசக்கியம்மனைக் கூப்பிட்டார். பிரமசக்தி ஊர் எல்லையைத் தாண்டும்போதே குதிகாலில் ஒரு சூடு தெரிந்தது, பாக்குச் சீவுகிற மாதிரி மெல்லிசாக எதுவோ போய்க்கொண்டிருந்தது. இதைத்தான் இத்தனை வருஷமும் இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லாமல் தாங்கினாரா என்று நினைத்தபோது அவளுக்கு அவர்மேல் அன்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன, எது எது என்று பிரிக்க நேரமில்லை. லாரிகளுக்கு நடுவில் ஓட்டினாள். ஆரல்வாய்மொழிக் காற்றில் வண்டி ஆடியபோது நயினார் சின்னக் கையை நீட்டி ஸ்டியரிங்கைத் தொடப் போனார், அவள் அந்தக் கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள்.

ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். தளவாய் வெளியே வந்தார், பிரமசக்தியின் காலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், தரை வழவழப்பாக இருந்ததால். அவர் என்னவோ சொல்ல வந்தார். "போய்ப் பிள்ளையைப் பாருங்க தம்பி" என்றாள்.

திரும்பி வரும்போது வண்டியில் அவர்கள் இரண்டு பேர்தான். குளத்துக்குள் சுற்றிப் பழகியதை விட்டால் அத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் போனது அதுதான் முதல் தடவை என்பது அவளுக்குக் காவல்கிணறு தாண்டியபிறகு உறைத்தது. அதைச் சொல்லலாம் என்று திரும்பினாள். நயினார் தூங்கிவிட்டிருந்தார். வாய் திறந்திருந்தது, கால் இரண்டும் சீட்டு விளிம்பைத் தாண்டவில்லை, தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. ஓட்டும்போது மற்றவர்கள் எல்லாரும் தூங்குவார்கள், அவர் மட்டும் முழித்திருப்பார். இன்னொருத்தர் ஓட்டத் தான் தூங்குவது எப்படி இருக்கும் என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்திருக்கும்.

நங்கைகுளம் விலக்கு வந்தது. திரும்பினால் தெரு, வண்டி நின்றால் அவர் விழித்துக்கொள்வார். அவள் திரும்பவில்லை. குதிகால் எரிந்தது, எரியட்டும், குதிகால் வேறெதற்கு இருக்கிறது என்று நேரே விட்டாள். அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் புரண்டார். அவள் ஒரு கையால் அதை எடுத்துக் காதில் வைத்தாள்.

"நயினாரண்ணே, வார ஞாயித்துக்கிழமை ஒரு நிச்சயதார்த்தம், சாத்தூர் வரைக்கும். டீசல் நான் போட்டு..."

"அவிய தூங்குதாவ" என்றாள் பிரமசக்தி.

அந்தப் பக்கம் இருந்தவருக்கு அது விளங்கவில்லை. "எழுப்புங்க மைனி, ஒரு வார்த்தைதான்" என்றார்.

"தூங்குதாவன்னு சொல்லுதேன்லா" என்று மெதுவாகச் சொல்லி, அவள் போனை வைத்துவிட்டாள்.